பாய்லரும் என் வயிற்றெரிச்சலும்

போன வாரம் மாம்பலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை. நான் ஒரு காலத்தில் துபாயில் இன்ஜினியராக இருந்தவன் என்று தெரிந்ததும் ஆர்வமாகக் கேட்டார்.

"அங்க என்ன சார் வேலை? ஏ.சி.யா?"

"ஏ.சி.யும் உண்டு. ஒரு வீட்டுக்கு ஹீட்டிங்கூடப் போட்டோம்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எதிர்வரிசையைக் கூப்பிட்டு, "கேட்டீங்களா... துபாயில ஹீட்டராம்!" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

ஆனால் அது உண்மை. அந்த ஹீட்டிங் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன் – பாதியை மட்டும். மீதிப் பாதியில் நான் கொஞ்சம் அசிங்கமாக இருப்பேன். உங்களிடம் சொல்வதற்கென்ன?

எழுபதுகளின் நடுவில் நடந்தது. பர் துபாயில் எங்களுக்கு இரண்டு அறை ஃபிளாட். எனக்கும் வசந்தாவுக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம். கம்பெனி, கட்டடங்களுக்குக் குழாய் வேலையும் ஏ.சி. வேலையும் செய்கிற கம்பெனி. மேனேஜர் அபு சமீர், பாலஸ்தீனக்காரர். கனத்த மீசை, கனத்த குரல். நான் மெட்ராஸில் பி.இ. முடித்தவன். கம்பெனியில் பைப்பிங் டிராயிங் என்றால் என் மேஜையில்தான் பிறக்கும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அப்புறம் முத்துவேல் வந்து சேர்ந்தான்.

கரூர்ப் பக்கத்து ஆள். என் வயதுதான். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு சர்க்கரை ஆலையின் பாய்லர் ஹவுஸில் எட்டு வருஷம் இருந்தவன். பைப் ஃபிட்டராக வந்தான். வந்த மூன்றாவது மாதமே அபு சமீர் அவனை 'முஅல்லிம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கைத்தொழிலில் கரைகண்டவனை அவர்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்களாம். மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை? 'முஹந்திஸ்' என்பார். அதாவது இன்ஜினியர். அதற்கு நான் என்ன செய்யவேண்டும்? ஒன்றும் வேண்டாம். சர்டிஃபிகேட் இருந்தால் போதும். முஅல்லிம் என்ற பட்டத்தை அவர் யாருக்கும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை.

முதல் எரிச்சல் அங்கே ஆரம்பித்தது.

இரண்டாவது, என் வீட்டுச் சமையலறையில். குழாய் ஒன்று நான்கு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நான் மூன்று தடவை பிரித்து மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதிகமாக ஒழுகியது. ஒரு வெள்ளிக்கிழமை, வார விடுமுறையன்று, முத்துவேல் ஏதோ கையெழுத்துக்காக வந்தவன், "ஏனுங்க சார், ஒரு ஸ்பேனர் இருக்குமுங்களா?" என்றான். பத்து நிமிஷம்... ஒழுகல் போயே போய்விட்டது.

வசந்தாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "தம்பி, இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று உட்காரவைத்துவிட்டாள். அதன்பிறகு வெள்ளிக்கிழமை மதியம் என்றால் முத்துவேலுக்கும் சேர்த்துத்தான் எங்கள் வீட்டில் உலை. தொழிலாளர் கேம்ப்பில் பதினாலு பேரோடு சமைத்துச் சாப்பிடுகிறவன். "அக்கா, ரசம் எங்க ஊரு மாதிரியே இருக்குதுங்க" என்பான். அவள் முகம் மலரும். நான் மூன்று வருஷமாக அதே ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். சொல்லத் தோன்றியதா? தோன்றவில்லை. அவன் சொன்னது மட்டும் உறுத்தியது.

இந்த நிலைமையில்தான் ஹத்தா வேலை வந்தது.

ஹத்தா, துபாயிலிருந்து தள்ளி மலைப்பக்கம். அங்கே ஒரு பெரிய வியாபாரி – எல்லோருக்கும் அவர் 'அர்பாப்', முதலாளி – குளிர்கால வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆபரேஷனுக்கு ஐரோப்பா போனவர், அங்கே ஆஸ்பத்திரியில் வெதுவெதுப்பான தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். வலி பாதியாகிவிட்டதாம். அதேமாதிரித் தரை தன் வீட்டிலும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஜனவரியில் மலையில் நிஜமாகவே குளிரும். அந்த மார்பிள் தரையில் வலிக்கிற காலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

விஷயம் சுலபம். தரைக்கடியில் செப்புக்குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, உள்ளே வெந்நீரை ஓடவிடவேண்டும். கொதிக்கிற நீர் கூடாது. மார்பிள் வெடித்துவிடும், காலும் பொசுங்கும். குளிக்கிற பதத்தில் நாற்பது, மிஞ்சினால் நாற்பத்தைந்து டிகிரி. தண்ணீரைச் சூடாக்க டீசலில் எரியும் ஒரு பாய்லர்.

நான் டிராயிங் போட்டேன். பாய்லரையே நாற்பத்தைந்து டிகிரியில் வைத்துவிடுவது. பம்ப் தண்ணீரைத் தரைக்குத் தள்ளும். அது தரையைச் சுற்றிவிட்டு, ஆறிப்போய், நேராகப் பாய்லருக்கே திரும்பிவரும். ஒரு போக்கு, ஒரு வரவு. எத்தனை எளிமை! நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

பாய்லர் ரூமில் டிராயிங்கை விரித்துக் காட்டியபோது முத்துவேல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு."

"தரையைச் சுத்திட்டு வர்ற தண்ணி எத்தனை டிகிரியில வருமுங்க?"

"முப்பது... முப்பத்தஞ்சு."

"அத அப்படியே பாய்லர் வாயில விட்டா, பாய்லர் அழுவுமுங்க சார்."

"என்னது?"

"உள்ளாற அழுவுமுங்க. புகையில தண்ணி இருக்குதல்லங்க... தகடு ஜில்லுனு இருந்தா அது மேல வேர்த்துக் கொட்டும். டீசல் புகையில கந்தகமும் இருக்குது. ரெண்டும் சேந்தா ஆசிட்டு. தகட்டத் தின்னுரும். ஆலையில குவார்ட்டர்ஸுக்கு வெந்நீர் குடுக்க ஒரு பாய்லர் இப்படித்தான் வெச்சாங்க. சல்லடையாப் போச்சுங்க."

சொல்லிக்கொண்டே, வால்வு வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, பென்சிலால் படம் போட ஆரம்பித்தான்.

"பாய்லர் எப்பவும் எழுபது டிகிரிக்கு மேலயே இருக்கட்டுமுங்க. சூட்டுத் தண்ணி இந்தச் சின்னக் குழாய் வழியாச் சுத்தி பாய்லர் வாய்க்கே வரட்டும். அதுக்குன்னு தனியா ஒரு பம்ப்பு. தரைக்கு எத்தனை வேணுமோ அத்தனைய மட்டும் அந்தச் சுத்துல இருந்து எடுத்து, ஆறி வர்ற தண்ணியோட கலந்து அனுப்பலாம். கலக்கறதுக்கு மூணு வாய் வால்வு ஒண்ணு. தரைக்கும் சூடு பத்தும், பாய்லரும் காஞ்சு கெடக்கும்."

கோடுகள் நடுங்காமல் நேராக இருந்தன. கீழே தேதிகூடப் போட்டான்.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? 'சரி முத்துவேல், பார்க்கிறேன்' – இவ்வளவுதானே? என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீ ஃபிட்டரா, இன்ஜினியரா?"

அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். "ஃபிட்டருங்க சார்."

"அப்ப டிராயிங்படி போடு."

அந்த வெள்ளிக்கிழமை அவன் வருவதற்கு முன்னால் என் காலேஜ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பாய்லர் அத்தியாயத்தில், நான் அடிக்கோடே போட்டிராத ஒரு பத்தியில், எல்லாம் இருந்தது. திரும்பிவரும் நீர் குளிர்ந்திருந்தால் புகையின் ஈரம் தகட்டில் படியும். துபாய் ஆகஸ்ட் புழுக்கத்தில் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் எப்படி வியர்க்கிறது? அதேதான். அழுகிறது என்று அவன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

புத்தகத்தை மூடினேன். இப்போதாவது மாற்றியிருக்கலாம். மாற்றினால் அபு சமீர் கேட்பார், ஏன் மாற்றினாய் என்று. முஅல்லிம் சொன்னான் என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று மதியம் அவன் ரசத்தைப் பாராட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

வேலை முடிந்தது. டிசம்பர் கடைசியில் பாய்லரை ஓட்டினோம். அர்பாப் கைத்தடியோடு வந்தார். செருப்பைக் கழற்றினார், நடந்தார், நின்றார், கண்ணை மூடிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்!" அபு சமீர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, "வெல் டன், முஹந்திஸ்" என்றார். அப்படி ஒரு தட்டுக்காகத்தானே காத்திருந்தேன்? அது கிடைத்துவிட்டது. முத்துவேல் பாய்லர் ரூம் வாசலில் நின்று புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து வாரம்.

ஆறாவது வாரம் ஹத்தாவிலிருந்து ஆள் வந்தது. பாய்லர் அடிக்கடி அணைந்துபோகிறது. தரை ஜில்லிட்டுக் கிடக்கிறது. பாய்லருக்கு அடியில் செம்மண் கரைத்த மாதிரித் தண்ணீர். அர்பாப்புக்கு வலி அதிகமாகி, கோபத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்.

அபு சமீர் என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

எனக்குத் தெரியும். தகடு வியர்த்த தண்ணீர் அது. ஈரத்தில் கரியும் துருவும் குழைந்து புகை போகிற வழியை அடைத்திருக்கும், அதனால்தான் நெருப்பு அணைகிறது. என் டிராயிங்கிலிருந்து வருகிற தண்ணீர்... அப்படிச் சொல்லவேண்டியதுதானே?

"ஜாயின்ட் சரியில்லை போலிருக்கிறது சார்" என்றேன். "ஃபிட்டிங் வேலை."

ஒரே ஒரு வாக்கியம். தரையில் தண்ணீர் என்றால் யாரும் ஜாயின்ட் என்றுதான் நினைப்பார்கள். நம்புவதற்குச் சௌகரியமான பொய்.

முத்துவேலை அனுப்பினார்கள். அவன் எல்லா ஜாயின்டையும் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, என் மேஜை முன்னால் நின்றான். "சார், ஜாயின்ட்ல ஒரு சொட்டு இல்லீங்க." என் முகத்தையே பார்த்தான். நான் ஏதோ ஃபைலைத் தேடினேன்.

அர்பாப் சும்மா விடவில்லை. கம்பெனி முதலாளிக்கே வேண்டியவர். வேலையைக் கெடுத்த ஆளை ஊருக்கு அனுப்பு என்று சொல்லியனுப்பினார். மேலிடத்து உத்தரவு. அபு சமீர் இரண்டு நாள் இழுத்துப் பார்த்தார். முடியவில்லை. ஆபீஸ் இரும்புப்பெட்டியில் இருந்த முத்துவேலின் பாஸ்போர்ட்டை எடுத்து, விசா கேன்சல் பண்ணுவதற்காக மேஜைமேல் வைத்தார்கள். அவர் என்னிடம் கையை விரித்துச் சொன்னார்: "கலாஸ்." முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை முத்துவேல் சாப்பிட வரவில்லை.

"ஏன் வரலை?" என்றாள் வசந்தா. மூன்று தட்டு எடுத்துவைத்திருந்தாள்.

"சைட்ல ஏதோ தப்பு பண்ணிட்டான். பாய்லர் போச்சு. ஊருக்கு அனுப்பறாங்க."

"அவரா? என்ன தப்பு?"

"ஜாயின்ட் ஒழுகல்."

அவள் என்னைப் பார்த்தாள். அடுத்து, ரொம்ப சாதாரணமாக – உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி – கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க புஸ்தகத்தைப் பார்த்துட்டு, 'படுபாவி, சரியாத்தான் சொல்லியிருக்கான்'னு சொல்லலை?"

வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்! அது எனக்கே தெரியாது.

அவள் மூன்றாவது தட்டை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள். அந்தத் தட்டு அலமாரியில் போய் உட்கார்ந்த சத்தம்... திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் அபு சமீர் முன்னால் போய் நின்றேன். உட்கார் என்றார். உட்காரவில்லை. ஜாயின்ட் ஒழுகவில்லை, பைப்பிங்கே தப்பு, அது என் டிராயிங், முத்துவேல் முன்னாலேயே சொன்னான், நான்தான் கேட்கவில்லை – எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அவன் சொன்னது சரி என்று உனக்கு எப்போது தெரியும்?"

"பாய்லர் ஓடுவதற்கு முன்னாலேயே."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னைத் திருப்பி அனுப்புவதற்குக்கூட ஓர் ஊர் இல்லை, முஹந்திஸ். ஒரு மனிதனை ஏற்றி அனுப்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு குழாயைக் காப்பாற்றுவதற்காக அதைச் செய்தாய்."

குழாயை இல்லை. என்னை. அதை அவரிடம் சொல்லவில்லை.

மத்தியானமே என்னை ஹத்தாவுக்கு அழைத்துப்போய் அர்பாப் முன்னால் நிறுத்தினார். "நீயே சொல்." நான் சொல்ல, அவர் அரபியில் மொழிபெயர்த்தார். அர்பாப் காலைப் போர்வையால் சுற்றிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

"அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குப் புத்தகம் பார்த்தால்தான் தெரிகிறது. பிறகு ஏன் நீ இன்ஜினியர்?"

மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பாஸ்போர்ட் மறுபடியும் இரும்புப்பெட்டிக்குள் போயிற்று. சாயங்காலம் கேம்ப்புக்குப் போனேன். முத்துவேல் கட்டிலில் உட்கார்ந்து, தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். சேதி அவனுக்கு இன்னும் எட்டவில்லை.

"நீ போகவேண்டாம். அபு சமீர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தான்.

"நாளைக்குக் காலையில நானே போறதா இருந்தனுங்க."

"எங்க?"

துணிகளுக்கு அடியில் கையைவிட்டு எடுத்தான். அட்டைப்பெட்டி மூடி. பென்சில் கோடு. தேதி.

குனிந்து பார்த்தேன். "இது இருக்கறப்ப... ஏன் அன்னிக்கே காட்டலை?"

"கோவம் இல்லாம இல்லீங்க சார்" என்றான். "மூணு நாளா சரியாச் சோறு எறங்கல. ஊட்ல ரெண்டு புள்ளைங்க. கடன்காரன் மாதிரி திரும்பிப் போய் நின்னா என்னன்னு சொல்லுவன்? ஆனா இதக் கொண்டுபோய்க் காட்டிட்டா உங்க வேலை போயிருமுங்க. அக்கா கையால அத்தனை வெள்ளிக்கிழமை சாப்பிட்டிருக்கறன். நீங்களே போய்ச் சொல்லுவீங்களான்னு பாத்தன். நாளைக்குக் காலை வரைக்கும் பாத்துட்டு, மேனேஜருகிட்ட போயிரலாம்னு முடிவு பண்ணிட்டன்."

மூடியைக் கிழித்துப் போடுவான் என்று நினைத்தேன். இல்லை. மறுபடி துணிக்கு அடியிலேயே வைத்துப் பெட்டியைப் பூட்டினான். அவன் ஒன்றும் மகானில்லை என்று அப்போது எனக்கு ஒரு அற்ப ஆறுதல். எப்படிப்பட்ட ஆள் நான், பாருங்கள்!

பாய்லரின் அரித்துப்போன பின்பக்கத் தகடுகளை மாற்றினோம். முத்துவேல் அட்டையில் போட்ட மாதிரியே குழாய்களை மாற்றி இழுத்தான். பாய்லரைச் சுற்றி ஒரு சின்ன வட்டம், அதற்கொரு பம்ப், தரைக்குப் போகும் வழியில் மூன்று வாய் வால்வு. ஒன்பது நாள் ஆயிற்று. நான் கூடவே இருந்தேன். அவன் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

மறுபடி ஓட்டினோம். பாய்லர் எழுபத்தைந்தில் நின்றது. தரைக்கு நாற்பதில் போயிற்று. ஒரு வாரம் கழித்துப் புகை வழியைத் திறந்து கையைவிட்டுப் பார்த்தான். வெறும் உலர்ந்த கரி. ஈரமே இல்லை.

அர்பாப் வந்தார். நடந்தார். பிறகு முத்துவேலைக் கூப்பிட்டு, ஷூவைக் கழற்று என்று சைகை காட்டினார். முத்துவேலுக்கு வெட்கம், சாக்ஸில் ஓட்டை. விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அந்த வெதுவெதுப்பான மார்பிளில் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூடவே நடக்கவைத்தார். இரண்டு பேரும் வெறுங்காலோடு, ஒருவருக்கொருவர் பாஷை தெரியாமல், சிரித்துக்கொண்டு.

என்னை யாரும் ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வயிறு எரிந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? தப்பை ஒப்புக்கொண்டுவிட்டால் மனசு சுத்தமாகிவிடும் என்று யாரோ கதை கட்டியிருக்கிறார்கள்.

என் வேலை போகவில்லை. ஆனால் ஒரு புது விதி வந்தது. என் டிராயிங் எதை நீட்டினாலும் அபு சமீர் பேனாவைத் திறக்காமல் கேட்பார்: "முஅல்லிம் பார்த்தாரா?" அதற்கப்புறம்தான் கையெழுத்து. முத்துவேலும் சும்மா பார்க்கமாட்டான். நிறுத்தி நிதானமாகப் பார்ப்பான். பதினோரு டிராயிங்கில் ஏழில் ஏதாவது ஒரு தப்பைக் கண்டுபிடித்தான். ஏழிலும் அவன் சொன்னதுதான் சரி.

அடுத்த வருஷம் தோஹாவில் ஒரு பெரிய கம்பெனி அவனை சூப்பர்வைசராகக் கூப்பிட்டது. கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தான். வசந்தா வடை, பாயசம் என்று அமர்க்களப்படுத்தினாள். கை கழுவிவிட்டு வந்தவன் என்னைப் பார்த்து, "சார், தோஹாவுல டிராயிங் பாக்கறதுக்கு இன்ஜினியர் வேணுமாமுங்க. உங்க பேரச் சொல்லட்டுமுங்களா?" என்றான்.

கிண்டலோ என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வசந்தாவுக்கு இந்த ஊர் பழகிவிட்டது, அது, இது என்று ஏதோ காரணம் சொன்னேன்.

அவன் கைத்திறமையைப் பார்த்து வந்த பொறாமை ஒருவழியாகத் தணிந்துவிட்டது. அன்றைக்கு அவனால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே, அந்த மனசு – அதன்மேல் வந்தது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.